கர்ப்பிணியின் தட்டும் குழந்தையின் மூளையும்

(எங்கள் அறக்கட்டளையின் தாய் சேய் நலக் கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

இன்றைய தலைப்பைக் கேட்டதும், "இது பெண்கள் சமாச்சாரம், நமக்கென்ன வேலை?" என்று சில சகோதரர்கள் நினைத்திருக்கலாம். வீட்டுக்கு எந்த உப்பு வாங்குவது, வாரத்தில் எத்தனை நாள் மீன் எடுப்பது, மருமகளை எந்த மாதத்தில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவது என்பதையெல்லாம் முடிவு செய்கிறவர் யார் என்று யோசித்தால், இந்தப் பேச்சு யாருக்கு என்பது விளங்கிவிடும். ஆண்களும் மாமியார்களும் அவசியம் வரவேண்டும் என்று அழைப்பிலேயே கேட்டிருந்தோம். வந்திருக்கிறீர்கள், அல்ஹம்துலில்லாஹ்.

பிள்ளைகளின் படிப்புக்குச் செலவு செய்யும் ஆர்வம் நம் மக்களிடம் முன்னைவிடப் பெருகியிருக்கிறது. நல்ல பள்ளிக்கூடம், டியூஷன், மேற்படிப்பு என்று கடன் வாங்கியாவது படிக்க வைக்கிறோம். ஆனால் அந்தப் படிப்பு போய்த் தங்கவேண்டிய மூளை பள்ளிக்கூடத்தில் உருவாவதில்லை. தாயின் வயிற்றில், தாய் உண்ட உணவிலிருந்து உருவாகிறது. அந்த இடத்தில் சிக்கனம் பிடித்துவிட்டு, பிள்ளைக்கு ஐந்து வயதான பிறகு ஆயிரக்கணக்கில் கட்டணம் கட்டுகிறோம். இதைத்தான் இன்று உங்களோடு பேச வந்திருக்கிறோம்.

மூளை எப்போது உருவாகிறது?

கரு தரித்த மூன்றாவது வாரத்தில், கருவின் முதுகுப்புறத்தில் தட்டையான ஒரு தகடு தோன்றுகிறது. அது இரு பக்கமும் எழும்பி, சுருண்டு, ஒரு குழாயாக மூடிக்கொள்கிறது. இதற்கு நரம்புக் குழாய் என்று பெயர். இதன் மேல் முனைதான் பின்னர் மூளையாகிறது, கீழ்ப்பகுதி தண்டுவடமாகிறது. கரு தரித்து 28 நாட்களுக்குள் இந்தக் குழாய் மூடிவிட வேண்டும். கீழ்ப்பக்கம் மூடாமல் போனால் முதுகுத்தண்டு பிளந்த நிலையில் பிள்ளை பிறக்கும், கால்கள் செயலிழக்கலாம். மேல் முனை மூடாமல் போனால் மூளையே முழுதாக வளராது. அப்படிப் பிறக்கும் பிள்ளை பிழைப்பதில்லை.

இந்த 28 நாட்கள் எப்போது முடிகின்றன என்று கணக்குப் பாருங்கள். மாதவிலக்கு தள்ளிப்போய் இரண்டு வாரம் ஆகும்போது முடிந்துவிடுகின்றன. பல பெண்கள் அப்போதுதான் "இருக்குமோ?" என்று சந்தேகப்படத் தொடங்குகிறார்கள். சிலருக்கு அந்தச் சந்தேகமும் வந்திருக்காது.

அதன் பிறகு மூளையின் நரம்பணுக்கள் கோடிக்கணக்கில் பிறக்கின்றன; பிறந்த இடத்திலிருந்து தத்தம் இடத்துக்கு நகர்ந்து போய்ச் சேருகின்றன. கடைசி மூன்று மாதத்தில் மூளை மிக வேகமாக வளர்ந்து, மடிப்புகள் விழுந்து, அணுவுக்கும் அணுவுக்கும் இடையே தொடர்புகள் உண்டாகின்றன. பிறக்கும்போது பிள்ளையின் மூளை, பெரியவர்களின் மூளையில் ஏறத்தாழ கால் பங்கு இருக்கும். அடுத்த இரண்டு வருடத்தில் அது அசுர வேகத்தில் வளர்கிறது. கர்ப்பத்தின் 270 நாட்களும் பிறந்த பின் இரண்டு வருடத்தின் 730 நாட்களும் சேர்ந்த ஆயிரம் நாட்களை டாக்டர்கள் அவ்வளவு முக்கியமாகச் சொல்வது இதனால்தான்.

வீடு கட்டியவர்களுக்குத் தெரியும். அஸ்திவாரம் போடும் நாளில் வராத சிமெண்ட், கூரை போடும் நாளில் லாரி லாரியாக வந்து இறங்கினாலும் அஸ்திவாரத்துக்கு உதவாது. மூளையும் அப்படித்தான். எந்தச் சத்து, எந்த நேரத்தில் என்பது இரண்டும் சேர்ந்து வரவேண்டும்.

கோஷா ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர்

முதல் சத்து ஃபோலிக் அமிலம். இதைக் கண்டுபிடித்த வரலாற்றில் நம் பெண்களுக்கும் ஓர் இடம் இருக்கிறது.

1928ஆம் ஆண்டு லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் டாக்டர் பம்பாய்க்கு வந்தார். அங்கே கர்ப்பிணிகள் பலர் கடும் இரத்தசோகையால் பாதிக்கப்பட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் வெவ்வேறு பிரிவுப் பெண்களின் சாப்பாட்டை ஒப்பிட்டுப் பார்த்தார். சத்துக் குறைந்த சாப்பாடு சாப்பிட்டவர்களும், இந்த நோய்க்கு அதிகம் ஆளானவர்களும் ஒருவரே என்று தெரிந்தது. அவர்கள் ஏழை முஸ்லிம் பெண்கள்.

லூசி வில்ஸின் ஆய்வு கோடைக்காலங்களில் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் தொடர்ந்தது. 1931ஆம் ஆண்டு தொடக்கத்தில் அவர் சென்னை திருவல்லிக்கேணியில் உள்ள கோஷா ஆஸ்பத்திரியிலும் பணியாற்றினார். இன்றைய அரசு கஸ்தூர்பா காந்தி தாய் சேய் நல மருத்துவமனைதான் அது. கோஷா முறையைப் பேணிய பெண்களும் தயக்கமில்லாமல் வந்து வைத்தியம் பார்த்துக்கொள்வதற்காக 1885இல் தொடங்கப்பட்டது. ஈஸ்ட் சாறு என்ற மலிவான ஒரு பொருளைக் கொடுத்தபோது அந்தக் கர்ப்பிணிகளின் இரத்தசோகை தீர்ந்ததை லூசி வில்ஸ் கண்டார். அதில் இருந்த சத்து என்னவென்று அப்போது யாருக்கும் தெரியாது. பத்து வருடம் கழித்து, 1941இல் பசலைக்கீரையிலிருந்து அதைப் பிரித்தெடுத்து, இலை என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து ஃபோலிக் அமிலம் என்று பெயர் வைத்தார்கள்.

இந்தச் சத்து இரத்தத்தோடு நிற்கவில்லை. ஏற்கெனவே நரம்புக் குழாய் குறைபாட்டோடு பிள்ளை பெற்ற தாய்மார்களை வைத்து, ஏழு நாடுகளில் நடந்த ஆய்வின் முடிவு 1991இல் வெளியானது. 1,817 பெண்கள் அதில் பங்கேற்றார்கள். கருத்தரிப்பதற்கு முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் சாப்பிட்டவர்களுக்கு அதே குறை மறுபடியும் வருவது 72 சதவீதம் குறைந்தது. சில பைசா விலையுள்ள ஒரு மாத்திரை செய்த வேலை இது.

ஆனால் 28 நாள் கணக்கை மறந்துவிடாதீர்கள். மூன்றாவது மாதம் ஆஸ்பத்திரிக்குப் போய் அந்த மாத்திரையை வாங்கினால், குழாய் மூடும் நேரம் கடந்து போயிருக்கும். அதனால் கருத்தரிப்பதற்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பிருந்தே தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் சாப்பிடச் சொல்கிறார்கள். கர்ப்பத்தின் 12 வாரம் வரை அது தொடர வேண்டும். முன்பு இந்தக் குறையோடு பிள்ளை பிறந்திருந்தாலோ, வலிப்புக்கு மருந்து சாப்பிட்டு வந்தாலோ, அளவு கூடுதலாக வேண்டியிருக்கும். அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

நம் வீடுகளில் நிக்காஹ் தேதி குறித்ததும் நகை, துணி, மண்டபம், பிரியாணிக்கு ஆள் என்று பட்டியல் போடுகிறோம். அந்தப் பட்டியலில் ஃபோலிக் அமில மாத்திரையையும் எழுதிவிடுங்கள். பள்ளிக்கூடத்தில் நம் பெண் பிள்ளைகளுக்கு வாரம் ஒரு நீலநிற மாத்திரை கொடுக்கிறார்கள். இரும்பும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்தது. "சூடு" என்று சொல்லி அதைக் குப்பையில் போடுகிற வீடுகள் உண்டு. உம்மாமார்களே, அந்த மாத்திரை நாளைய உங்கள் பேரப்பிள்ளைக்கும் சேர்த்துத்தான்.

கீரை, பாசிப்பயறு, கொண்டைக்கடலை, ஆரஞ்சு ஆகியவற்றில் ஃபோலேட் உண்டு. நெடுநேரம் வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டால் பெரும்பகுதி போய்விடும். சாப்பாடும் வேண்டும், மாத்திரையும் வேண்டும்.

இரத்தம் குறைந்தால் மூளைக்கு என்ன?

2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதம் பேருக்கு இரத்தசோகை, தமிழ்நாட்டில் 48.3 சதவீதம். இந்தக் கூட்டத்தில் பத்துக் கர்ப்பிணிகள் இருந்தால், அவர்களில் ஏறக்குறைய ஐந்து பேருக்கு ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே இருக்கக்கூடும் என்று பொருள்.

"களைப்பா இருக்கு, அவ்வளவுதானே" என்று விட்டுவிடுகிறோம். களைப்பு தாய்க்கு. பிள்ளைக்கு ஆவது வேறு. நரம்புகளைச் சுற்றி ஓர் உறை படிகிறது. மின்கம்பிக்கு மேலே பிளாஸ்டிக் உறை இருப்பது மாதிரி. அந்த உறை உருவாகவும், நினைவுக்குரிய பகுதி வளரவும், நரம்புகள் ஒன்றோடொன்று பேசப் பயன்படும் இரசாயனங்கள் சுரக்கவும் இரும்புச்சத்து தேவை. பிறந்து முதல் ஆறு மாதத்துக்குத் தேவையான இரும்பைப் பிள்ளை தாயிடமிருந்தே சேமித்துக்கொண்டு வருகிறது. அந்தச் சேமிப்பின் பெரும்பகுதி கடைசி மூன்று மாதத்தில் நடக்கிறது. தாயிடம் இல்லையென்றால் எங்கிருந்து சேமிக்கும்?

நான்காம் மாதத்திலிருந்து தினம் ஒரு மாத்திரை வீதம் 180 நாட்களும், பிள்ளை பிறந்த பின் 180 நாட்களும் அரசு இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறது. நாங்கள் வீடுகளுக்குப் போகும்போது, பிரிக்காத அட்டைகள் அலமாரியில் அடுக்கி வைத்திருப்பதைப் பார்க்கிறோம். கேட்டால், "வாந்தி வருது", "மலம் கருப்பா போகுது", "பிள்ளை கருப்பா பிறக்கும்னு மாமி சொன்னாங்க" என்பார்கள். மலம் கருப்பாகப் போவது மாத்திரையின் இயல்பு, பயப்பட ஒன்றுமில்லை. பிள்ளையின் நிறத்துக்கும் மாத்திரைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. வாந்தி வந்தால் இரவு படுக்கப் போகும் முன் சாப்பிட்டுப் பாருங்கள். அப்போதும் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் செவிலியரிடம் சொல்லி வேறு மாத்திரை கேளுங்கள். தாமாக நிறுத்தாதீர்கள்.

இன்னொரு பழக்கத்தையும் சொல்லியாக வேண்டும். சாப்பிட்டு முடித்த கையோடு ஒரு டீ. தேயிலையில் உள்ள ஒரு பொருள் சாப்பாட்டின் இரும்பை உடம்பில் சேரவிடாமல் பிடித்துக்கொள்கிறது. டீயை ஒரு மணி நேரமாவது தள்ளிப் போடுங்கள். மாறாக, எலுமிச்சைச் சாறு, நெல்லிக்காய், கொய்யா இவையெல்லாம் இரும்பு சேர உதவும். கால்சியம் மாத்திரையையும் இரும்பு மாத்திரையையும் ஒரே நேரத்தில் விழுங்கக் கூடாது; ஒன்று காலையில், மற்றொன்று இரவில்.

இரத்தம் ஊற பேரீச்சம்பழம் கொடுப்பது நம் வழக்கம். நல்ல பழம்தான்; ஆனால் அதில் உள்ள இரும்பு கொஞ்சம். ஹீமோகுளோபின் எட்டுக்கு இறங்கியவரைப் பேரீச்சம்பழத்தால் மட்டும் மேலே கொண்டுவர முடியாது. சர்க்கரை உள்ளவர்களுக்கு அளவும் பார்க்க வேண்டும். ஆட்டின் சுவரொட்டி, கறி, முருங்கைக்கீரை, கேழ்வரகு, பயறு வகைகள் கொடுங்கள். கறி நன்றாக வெந்திருக்க வேண்டும். ஈரலில் மட்டும் ஒரு கவனம் தேவை. அதில் வைட்டமின் ஏ மிக அதிகம். கர்ப்பத்தில், குறிப்பாக முதல் மாதங்களில், அது அளவு மீறினால் கருவுக்குக் கேடு.

கடற்கரையில் இருந்தும் அயோடின் குறைவு

மூன்றாவது, அயோடின். தைராய்டு ஹார்மோன் சுரக்க அயோடின் வேண்டும். மூளையின் நரம்பணுக்கள் சரியான இடத்துக்கு நகர்ந்து போய்ச் சேர தைராய்டு ஹார்மோன் வேண்டும். கருவில் இருக்கும் பிள்ளையின் தைராய்டு சுரப்பி ஏறக்குறைய 12 வாரத்துக்குப் பிறகுதான் வேலையைத் தொடங்குகிறது. அதுவரை பிள்ளைக்குத் தாயின் ஹார்மோன்தான் முழு ஆதாரம். அதற்குப் பின்னும் சில வாரங்கள் பெரிதும் தாயையே நம்பியிருக்கும். கடுமையான அயோடின் குறைவால் காது கேளாமையும் மூளை வளர்ச்சிக் குறைவும் வரும். உலகில் தடுக்கக்கூடிய மூளைப் பாதிப்புகளில் முதன்மையானது அயோடின் குறைவால் வருவது. கர்ப்பிணிக்கு ஒரு நாளைக்கு 250 மைக்ரோகிராம் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஊசிமுனையில் எடுக்கிற அளவு.

"நாங்க கடற்கரைக்காரங்க, எங்களுக்கு எதுக்கு அயோடின் உப்பு?" என்று கேட்பவர்கள் உண்டு. கடல் மீனில் அயோடின் உண்டு, உண்மைதான். ஆனால் உப்பளத்தில் காய்ச்சி எடுக்கும் கல் உப்பில் அது அநேகமாக இருப்பதில்லை. தூத்துக்குடியிலும் வேதாரண்யத்திலும் உப்பு விளைகிற நம் மாநிலத்திலேயே, சாக்குமூட்டையில் வரும் சாதாரண உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. இப்போது இந்துப்பு என்று ஒரு மோகமும் பரவியிருக்கிறது. அதிலும் போதிய அயோடின் கிடையாது. அயோடின் சேர்க்காத உப்பைச் சாப்பாட்டுக்காக விற்பதற்கு 2006ஆம் ஆண்டு முதல் நாடெங்கும் தடை இருக்கிறது. பாக்கெட்டில் அயோடின் சேர்த்தது என்று பார்த்து வாங்குங்கள். தமிழ்நாடு உப்புக் கழகம் இரும்பும் அயோடினும் சேர்த்த உப்பும் தயாரிக்கிறது. வாங்கிய உப்பை மூடியுள்ள பாத்திரத்தில், அடுப்பிலிருந்து தள்ளி வையுங்கள். ஆணம் இறக்கும் நேரத்தில் உப்புப் போடுவது நல்லது. அயோடினுக்காக உப்பைக் கூட்ட வேண்டியதில்லை. எப்போதும் போடுகிற அளவு போதும்; உப்பை மாற்றினால் சரி.

மீனும் முட்டையும்

மூளையில் தண்ணீரைக் கழித்துவிட்டுப் பார்த்தால் பாதிக்கு மேல் கொழுப்பு. அதிலும் மீன் எண்ணெயில் கிடைக்கிற வகைக் கொழுப்பு, கடைசி மூன்று மாதத்தில் மூளையிலும் கண்ணிலும் வேகமாகச் சேர்கிறது. அதற்கு விலை உயர்ந்த மீன் தேவையில்லை. மத்தி, நெத்திலி, கானாங்கெளுத்தி போதும். வாரம் இரண்டு நாள் ஆணமாக வைத்துக் கொடுங்கள். பொரித்துத்தான் ஆகவேண்டும் என்றில்லை. சுறா போன்ற பெரிய மீன்களில் பாதரசம் சேர்ந்திருக்கும். அது பிள்ளையின் மூளைக்கே கேடு. கர்ப்ப காலத்தில் அவற்றைத் தவிர்க்க வேண்டும்.

தினமும் ஒரு முட்டை. புரதமும், மூளைக்கு வேண்டிய கோலின் என்ற சத்தும் அதில் இருக்கின்றன. பிள்ளை சிவப்பாகப் பிறக்கும் என்று குங்குமப்பூ வாங்குகிறோம். ஒரு சிறு டப்பா குங்குமப்பூவின் விலையில் எத்தனை முட்டை வரும் என்று கடையிலேயே நின்று கணக்குப் போடுங்கள். நிறம் குங்குமப்பூவால் வருவதில்லை.

எவ்வளவு சாப்பிடுவது?

"இரண்டு உயிருக்குச் சாப்பிடு" என்று சொல்லி அளவுக்கு மேல் சோற்றைக் குவிப்பது ஒரு தவறு. "நிறையச் சாப்பிட்டால் பிள்ளை பெரிசாகி ஆபரேஷன் ஆயிடும்" என்று பயந்து பாதி வயிறு சாப்பிடுவது இன்னொரு தவறு. நம் நாட்டு ஊட்டச்சத்துப் பரிந்துரைப்படி, கர்ப்பிணிக்கு நாள்தோறும் கூடுதலாக வேண்டியது 350 கலோரி. ஒரு டம்ளர் பால், ஒரு முட்டை, ஒரு கைப்பிடி நிலக்கடலை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏழை வீட்டிலும் முயன்றால் முடியக்கூடியதுதான்.

மசக்கையில் ஒன்றும் இறங்கவில்லை என்றால் மூன்று வேளையை ஆறு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். தண்ணீர்கூடத் தங்காவிட்டால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். குளுக்கோஸ் தண்ணீர் குடிக்க வைத்துச் செய்யும் சர்க்கரைப் பரிசோதனையைத் தட்டிக்கழிக்காதீர்கள். கட்டுப்படாத சர்க்கரையும் பிள்ளையைப் பாதிக்கும்.

நோன்பு மாதத்தில்

இந்தக் கேள்வியை எல்லாக் கூட்டத்திலும் தாய்மார்கள் தயக்கத்தோடு கேட்கிறார்கள். கர்ப்பிணியும் பாலூட்டும் தாயும், தமக்கோ பிள்ளைக்கோ தீங்கு வரும் என்று அஞ்சினால் நோன்பைத் தள்ளிவைக்க மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. பின்னர் களாச் செய்வது எப்படி என்பதில் மத்ஹபுகளுக்கிடையே சிறு வேறுபாடு உண்டு. ஹனஃபி மத்ஹபில் களா மட்டும். ஷாஃபிஈ மத்ஹபில், பிள்ளைக்காக மட்டும் அஞ்சி விட்டவருக்குக் களாவோடு ஃபித்யாவும் உண்டு. விவரத்தை உங்கள் பள்ளிவாசல் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மருத்துவம் என்ன சொல்கிறது? இங்கிலாந்தில் வாழும் பாகிஸ்தானிய, பங்களாதேஷ் குடும்பங்களின் பிள்ளைகளை ஆராய்ந்து 2015இல் ஓர் ஆய்வு வெளியானது. கருவின் ஆரம்ப மாதங்களில் ரமளான் வந்த பிள்ளைகள், ஏழு வயதுத் தேர்வில் சற்றே குறைந்த மதிப்பெண் எடுத்திருந்தார்கள். வேறுபாடு சிறியதுதான், எந்தத் தாய் உண்மையில் நோன்பு வைத்தார் என்பதும் அந்த ஆய்வில் பதிவாகவில்லை. நோன்பால் பிள்ளையின் எடை குறையவில்லை என்று சொல்லும் ஆய்வுகளும் உண்டு. ஆகவே யாரையும் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. இரத்தசோகை, சர்க்கரை, இரத்த அழுத்தம், பிள்ளையின் வளர்ச்சிக் குறைவு இவற்றில் ஏதாவது இருந்தால் நோன்பு வைக்கலாமா என்பதை டாக்டரிடம் கேட்காமல் முடிவு செய்யாதீர்கள் என்பதற்காகச் சொல்கிறோம். நோன்போடு இருக்கும்போது மயக்கம் வந்தாலோ, பிள்ளையின் அசைவு குறைந்தாலோ, அடிவயிறு வலித்தாலோ, மஃரிபுக்காகக் காத்திருக்காமல் நோன்பை முறித்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. நோன்பு விட்ட மருமகள், மற்றவர்கள் பார்வைக்குக் கூச்சப்பட்டு நாள் முழுவதும் ஒன்றும் சாப்பிடாமல் அடுக்களையில் இஃப்தாருக்குச் சமைத்துக்கொண்டிருப்பாள். இது நோன்புமில்லை, உணவுமில்லை. மாமியார்களே, பகல் பன்னிரண்டு மணிக்கு நீங்களே ஒரு தட்டில் சோறு போட்டு, "கதவைச் சாத்திக்கிட்டு சாப்பிடும்மா" என்று சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தை பல மாத்திரைகளுக்குச் சமம்.

கடைசியாகச் சாப்பிடுபவள்

ரமளான் அல்லாத நாளிலும் இதுதான் நடக்கிறது. ஆண்களுக்குப் பரிமாறி, பிள்ளைகளுக்கு ஊட்டி, விருந்தாளியைக் கவனித்த பிறகு, சட்டியில் மிஞ்சிய ஆணத்தோடு சாப்பிடுகிறாள் வீட்டின் மருமகள். மீன் துண்டு தீர்ந்திருக்கும். குழம்பு மட்டும் இருக்கும். யாரும் கொடுமை செய்வதாக நினைத்துச் செய்வதில்லை. வழக்கம் அப்படி ஆகிவிட்டது. இந்த வழக்கத்தைக் கர்ப்ப காலத்திலாவது மாற்றுங்கள். முதல் தட்டு அவளுக்கு. முட்டை ஒன்றுதான் இருக்கிறதென்றால் அந்த ஒன்றும் அவளுக்கு.

இவ்வளவு சொன்னதைக் கேட்டு, பிள்ளை பெற்ற தாய் யாரும் "நான் அன்று சரியாகச் சாப்பிடவில்லையே" என்று மனம் கலங்க வேண்டாம். 1944, 1945 குளிர்காலத்தில் ஹாலந்து நாட்டில் போரால் கடும் பஞ்சம் வந்தது. நகரங்களில் ஓர் ஆளின் பங்கு ஒரு நாளைக்கு ஆயிரம் கலோரிக்கும் கீழே போனது. அப்போது கருவான பிள்ளைகளிடம் நரம்புக் குழாய் குறைபாடுகள் கூடியிருந்தன. பின்னாளில் மனநோயும் கூடுதலாக வந்தது. ஆனால் அந்தப் பஞ்சத்தில் கருவிலிருந்த ஆண்களை 19 வயதில் இராணுவத் தேர்வில் சோதித்தபோது, அறிவுத்திறன் குறைந்திருக்கவில்லை. ஒரு காலத்துப் பட்டினி எல்லாவற்றையும் முடிவு செய்துவிடுவதில்லை. தாய்ப்பாலும், ஆறு மாதத்துக்குப் பின் நல்ல இணை உணவும், பிள்ளையோடு பேசுவதும் விளையாடுவதும் மூளையைத் தொடர்ந்து வளர்க்கின்றன. நடந்ததற்குத் தாயைக் குறை சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை. நடக்கப் போவதற்கு வீடு முழுவதும் பொறுப்பு.

நாம் செய்ய வேண்டியது

கர்ப்பம் உறுதியானதும், 12 வாரத்துக்குள் கிராம சுகாதார செவிலியரிடமோ நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பதிவு செய்யுங்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் தகுதியுள்ளவர்களுக்கு ஊட்டச்சத்துப் பெட்டகங்களும் சேர்த்து மொத்தம் 18,000 ரூபாய் மதிப்பிலான உதவி கிடைக்கிறது. அங்கன்வாடியில் சத்துமாவு கிடைக்கிறது. "அதை யார் போய் வரிசையில் நின்று வாங்குவது" என்று விடாதீர்கள். அது உங்கள் பிள்ளையின் பங்கு. பதிவு செய்யத் தெரியாதவர்களுக்கு எங்கள் குழுவினர் கூடவே வந்து உதவுவார்கள்.

ஜமாஅத் நிர்வாகிகளிடம் மூன்று வேண்டுகோள். நிக்காஹ் பதிவுக்கு வரும் குடும்பத்துக்கு ஃபோலிக் அமிலம் பற்றி ஒரு வார்த்தை சொல்லுங்கள். பைத்துல்மால் உதவி கேட்டு வரும் வீட்டில் கர்ப்பிணி இருக்கிறாரா என்று கேட்டு, இருந்தால் அரிசியோடு பயறும் நிலக்கடலையும் முட்டைக்கான பணமும் சேர்த்துக் கொடுங்கள். ரமளானில் கொடுக்கும் பொருட்களிலும் அந்த வீடுகளுக்கென்று தனியாக ஒரு பங்கு ஒதுக்குங்கள்.

கணவர்களிடம் ஒரே வேண்டுகோள். மாதாந்திரப் பரிசோதனைக்கு ஒரு முறையாவது மனைவியோடு போங்கள். ஹீமோகுளோபின் எவ்வளவு என்று நீங்களே கேட்டு, வீட்டுக் காலண்டரில் எழுதி வையுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் இரவு பேசும்போது, "சாப்பிட்டியா?" என்பதோடு நிறுத்தாமல், "என்ன சாப்பிட்டே, மாத்திரை போட்டியா?" என்றும் கேளுங்கள்.

நம் பிள்ளைகள் நன்றாகப் படிக்க வேண்டும், நல்ல நிலைக்கு வரவேண்டும் என்று எல்லாரும் துஆச் செய்கிறோம். அந்த துஆவோடு நம் பங்குக்கு ஒரு முட்டை, ஒரு மாத்திரை, அயோடின் சேர்த்த ஒரு பாக்கெட் உப்பு. இதையும் சேர்ப்போம். எல்லாத் தாய்மார்களுக்கும் அல்லாஹ் சுகப் பிரசவத்தையும் ஆரோக்கியமான பிள்ளைகளையும் தருவானாக.